பன்னிரண்டாவது ஆள் வரும்வரை: திட்டமில்லாக் கடல் பயணக் கேள்விகள்

எதையும் முன்கூட்டி யோசிக்காமல் கிளம்பி, சிங்கப்பூர்க் கடலோரம் சுற்றுவது பற்றி இந்த முறை வாசகர்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். இருபது வருடமாக லீவு நாளில் முதலில் வரும் பஸ்ஸில் ஏறிப் பழகியவன் என்பதுதான் என் தகுதி.

கேள்வி (பொங்கோல்): அண்ணே, திருச்சியிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகிறது. இங்கே சாப்பிடப் போகவே முன்பதிவு கேட்கிறார்கள். ஊரும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இதில் திடீரென்று எங்கே கிளம்புவது?

பதில்: ஊர் சின்னதாக இருப்பதுதான் வசதியே, தம்பி. காலை பத்து மணிக்கு ஆசை வந்தால் மதியத்துக்குள் கடலில் இருக்கலாம். சாங்கி வில்லேஜ் பஸ் நிலையத்தில் இறங்கி, உணவங்காடி பக்கமாக நடந்தால் சாங்கி பாயிண்ட் படகுத்துறை. அங்கிருந்து புலாவ் உபின் தீவுக்குப் போகும் படகுகளுக்கு நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். தலைக்கு 4 வெள்ளி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை.

ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது ஒன்பது பேர்தான் இருந்தோம். பெஞ்சில் உட்கார்ந்து யார் வந்தாலும் தலையை எண்ணினோம். கால் மணி ஆனது. பக்கத்தில் இருந்த சீனப் பெரியவர் கைப்பேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார்: முழுப் படகுக்கு 48 வெள்ளி, ஒன்பது பேர் பிரித்தால் தலைக்கு ஐந்தரைக்கும் குறைவு. அவசரமென்றால் இப்படிப் பங்கு போட்டுக்கொண்டும் போகலாம். பர்ஸை எடுக்கும் நேரத்தில் ஒரு தம்பதி கைக்குழந்தையோடு ஓடி வந்தார்கள். குழந்தை கணக்கில் சேருமா என்று ஒரு சின்ன விவாதம். படகுக்காரர் குழந்தையை ஒரு பார்வை பார்த்தார், போய் இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.

திரும்பவும் இதே கணக்குதான் என்பதை மறந்துவிடாதீர்கள். பொழுது சாய்ந்தபின் ஆள் சேராது. ஐந்தரைக்குள் உபின் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உபினில் செக் ஜாவா சேற்றுக் கரைக்குப் போனோம். நட்சத்திர மீன் பார்க்கலாம் என்றார்கள். பலகைப்பாதைக்குக் கீழே வெறும் தண்ணீர்தான். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றியது அலைதான், அம்மா. நீர் மட்டம் அரை மீட்டருக்கும் கீழே வற்றும்போதுதான் அங்கே தரை தெரியும். அப்போது போனால் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டு, சேற்றில் துள்ளும் மீன், அதிர்ஷ்டம் இருந்தால் நட்சத்திர மீன் எல்லாம் கண்ணில் படும். இங்கே கடல் பொதுவாக நாளுக்கு இரண்டு முறை வற்றும், நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். அதனால் இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு வற்றியிருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் நிறைந்து நிற்கும். "போன வாரம் போனவர் சொன்னார்" என்று கிளம்பியிருப்பீர்கள், சரிதானே?

நம் வீட்டுத் தினசரி நாட்காட்டியே இதற்கு உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் நன்றாக இறங்கும். அது பகலில் வருகிறதா என்பதை மட்டும் இணையத்தில் அலை நேர அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். திட்டம் போடாத பயணத்துக்கு இந்த ஒரு தகவல் மட்டும் வேண்டும்.

அந்தச் சேறு இன்று இருப்பதே பெரிய விஷயம். அதை மண் கொட்டி மூடுவதாக இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் பேசிய பிறகு, 2001 டிசம்பரில் அரசாங்கம் அதைத் தள்ளிவைத்தது. பலகைப்பாதை 2007இல் வந்தது.

கேள்வி (துவாஸ், ஊழியர் தங்குவிடுதி): அண்ணே, ஞாயிறு ஒருநாள்தான் லீவு. தேக்காவை விட்டால் வேறு போக்கிடம் தெரியாது. செலவும் கட்டுப்படியாகணும்.

பதில்: தேக்காவில் சாப்பிட்டுவிட்டு அப்படியே ரயில் ஏறுங்கள். பக்கத்து லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஊட்ரம் பார்க், அங்கே தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் தடத்துக்கு மாறினால் மரீன் பரேட். 2024 ஜூனில் இந்தப் பகுதி திறந்தபிறகு கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். விரைவுச்சாலைக்கு அடியில் சுரங்க நடைபாதை இருக்கிறது. பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. பெடோக் ஜெட்டி வரை நடந்தால் தூண்டில் போட்டுக்கொண்டு ஒரு கூட்டமே இருக்கும். யார் வாளியில் என்ன விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தபடியே ஒரு மாலை போய்விடும். நீங்கள் நடக்கும் அந்த நிலமே முன்பு கடல்தான், மண் நிரப்பி எடுத்தது.

கேள்வி (ஈசூன்): அங்கிள், எங்கள் பாட்டனாரைக் கப்பலில் வந்ததும் ஒரு தீவில் சில நாள் வைத்திருந்தார்களாம். அந்தத் தீவு இன்னும் இருக்கிறதா?

பதில்: செயின்ட் ஜான்ஸ் தீவாக இருக்கும். 1873இல் காலரா பரவியது, மறு வருடமே அங்கே தனிமைப்படுத்தும் நிலையம் திறந்தார்கள். நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' போன்ற கப்பல்களில் ஏறி, பினாங்கு வழியாக வந்த நம்மவர்கள் பலருக்குச் சிங்கப்பூரில் முதலில் கால் பட்ட மண் அதுதான். மரீனா சவுத் பியரிலிருந்து படகு போகிறது. இது உபின் மாதிரி இல்லை, நேரம் வைத்துத்தான் ஓடும். கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். தண்ணீரும் சாப்பாடும் எடுத்துப் போங்கள். பாலம்போல ஒரு பாதை வழியே பக்கத்து லாசரஸ் தீவுக்கு நடந்தே போய்விடலாம். மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து நகரத்துக் கட்டடங்களைத் திரும்பிப் பாருங்கள். பாட்டனார் பார்த்த பக்கமும் அதுதான்.

கேள்வி (ஜூரோங்): மழை வந்தால்?

பதில்: அதிகாலையிலோ காலையிலோ மேற்கே வானம் கறுத்தால் அது சுமத்ரா பக்கமிருந்து இடிமழையோடு வரும் சுமத்ரா காற்றாக இருக்கலாம். மணலை விட்டு, மரத்தடியையும் விட்டு, கூரைக்குள் போங்கள். மழையைவிட மின்னலுக்குத்தான் பயப்பட வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். தே தாரிக் குடிக்க அது போதும்.

கேள்வி (செங்காங்): இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கும் இப்படித் திடீரென்று போகலாமா?

பதில்: ஹார்பர்ஃபிரண்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஆனால் பாஸ்போர்ட்டும் விசா விதியும் உண்டு. ஒருமுறை சாங்கி பாயிண்டில் மலேசியாவின் ஜொகூர்ப் பக்கத்துப் பெங்கராங்குக்கு ஆள் சேர்வதைப் பார்த்து ஆசையாக வரிசையில் நின்றேன். பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில் இருந்தது.

கேள்வி (உட்லண்ட்ஸ்): கதவோரம் ஒரு பை தயாராக வைத்திருப்பேன் என்று முன்பு சொன்னீர்களே, அதில் என்ன இருக்கும்?

பதில்: துண்டு, தண்ணீர், கொசு மருந்து, மாற்றுச் சட்டை, படகுக்குச் சில்லறை. சாப்பாடு மட்டும் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோகாதீர்கள். உபினில் அந்தச் சலசலப்புச் சத்தம் கேட்டால் காட்டுப்பன்றி கிட்டே வந்துவிடும். என் மூன்று பரோட்டாவும் சாம்பாரும் அப்படித்தான் போயின. சாம்பார்ப் பொட்டலத்தைக்கூடக் கிழித்து நக்கியது. நான் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.