மாரத்தான் போர்: உயிரைவிட்ட ஓட்டக்காரர் கதையைச் சொல்லலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளிப் பேச்சுப் போட்டியில் மாரத்தான் போரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசப்போகிறாள். வெற்றிச் செய்தியோடு ஏதென்ஸுக்கு ஓடிவந்து, சொல்லி முடித்ததுமே உயிரைவிட்ட வீரனின் கதையோடு ஆரம்பித்து எழுதிக் கொடுத்தேன். அது கட்டுக்கதை என்கிறார் அவளுடைய ஆசிரியை. பாரசீகப் படையின் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. எதைச் சொல்லலாம்?

பதில்: ஆசிரியை பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஏதென்ஸுக்கும் படையெடுத்து வந்த பாரசீகர்களுக்கும் மாரத்தான் என்ற இடத்தில் போர் நடந்தது கி.மு. 490இல். அதை முதலில் விரிவாக எழுதியவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். போருக்குச் சில பத்தாண்டுகள் கழித்து எழுதினார். செய்தி சொல்லிவிட்டுச் செத்து விழும் ஓட்டக்காரர் அவர் எழுத்தில் கிடையாது. நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் அந்தக் காட்சி முதலில் வருவது, ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்த எழுத்தாளர் புளூடார்க்கிடம். அவர் சொல்லும் ஆளின் பெயரும் வேறு. இன்று அந்த ஓட்டக்காரருக்குச் சொல்லப்படும் பிடிப்பிடிஸ் என்ற பெயரை அதில் ஒட்டவைத்தவர் புளூடார்க்குக்கும் பின்னால் வந்த எழுத்தாளர் லூசியன்.

பிடிப்பிடிஸ் ஓடியது உண்டு, ஆனால் வேறு திசையில். செய்தி கொண்டு ஓடுவதே அவருக்குத் தொழில். போருக்கு முன் உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டா என்ற இன்னொரு கிரேக்க நகரத்துக்கு ஓடினார். சுமார் 240 கிலோமீட்டர். மறுநாளே போய்ச் சேர்ந்தார் என்கிறார் ஹெரோடோட்டஸ். ஸ்பார்ட்டாக்காரர்களோ, பௌர்ணமிக்கு முன் படை கிளம்புவது எங்கள் வழக்கத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு 2,000 பேர் விரைந்து வந்தபோது போரே முடிந்திருந்தது. எதிரிகளின் பிணங்களைப் பார்த்து, ஏதென்ஸ்காரர்களைப் பாராட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

இன்னொரு ஓட்டமும் இருக்கிறது. என்னைக் கேட்டால் பேச்சை அதில்தான் ஆரம்பிக்க வேண்டும். தோற்ற பாரசீகர்கள் கப்பலேறி, சூனியன் (Sounion) என்ற நிலமுனையைச் சுற்றிக்கொண்டு ஏதென்ஸை நோக்கிப் போனார்கள். படை மாரத்தானில் இருக்கிறது, நகரம் காவலில்லாமல் கிடக்கும் என்பது கணக்கு. அப்போதுதான் சண்டையை முடித்த ஏதென்ஸ் படை, ஏறக்குறைய 40 கிலோமீட்டரைக் கால் போன வேகத்தில் கடந்து, கப்பல்களுக்கு முன்பே ஊர் சேர்ந்துவிட்டது. பாரசீகக் கப்பல்கள் கொஞ்ச நேரம் கடலில் நின்று பார்த்துவிட்டு ஆசியாவுக்குத் திரும்பின. ஒரு ஆள் ஓடிச் செத்ததைவிட, ஒரு படையே ஓடி ஊரைக் காப்பாற்றியது பெரிய கதை இல்லையா?

போரைப் பற்றி ஒரு நிமிடம் போதும். பாரசீகர்களின் வரிசை நீளத்துக்கு ஈடுகொடுக்க ஏதென்ஸ் படை நடுப்பகுதியை மெலிதாக்கி, இரண்டு பக்கங்களையும் பலமாக வைத்தது. நடுப்பகுதி உடைந்தது, ஆனால் பக்கங்களில் ஜெயித்தவர்கள் உள்பக்கம் திரும்பி எதிரியை நெருக்கினார்கள். அப்புறம் கடற்கரை வரை துரத்தல். நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸின் அண்ணனோ தம்பியோ, சைனகீரஸ் என்ற சகோதரர், கிளம்பும் கப்பலின் பின்பக்கத்தைக் கையால் பிடித்தார். கோடரியால் கையை வெட்டினார்கள், இறந்தார். ஏழு கப்பல்கள் பிடிபட்டன. இந்தக் காட்சியைச் சேர்த்தால் அரங்கம் கவனிக்கும்.

சரி, எண்ணிக்கை. பாரசீகப் படையில் எத்தனை பேர் என்று ஹெரோடோட்டஸ் சொல்லவில்லை. 600 கப்பல்கள் என்று மட்டும் சொல்கிறார். ஐந்து லட்சம், ஆறு லட்சம் எல்லாம் பின்னால் வந்தவர்கள் ஊதியது. இன்றைய மதிப்பீடுகள் பலவும் 25,000ஐ ஒட்டி நிற்கின்றன. எதிரே நின்றவர்கள் சுமார் 10,000 பேர். ஏதென்ஸ்காரர்களைத் தவிர அவர்களில் இருந்தவர்கள் பிளாட்டியா என்ற சிறிய ஊரிலிருந்து வந்தவர்கள் மட்டும்தான். அதனால் ‘கிரேக்கர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். இறந்த ஏதென்ஸ்காரர்கள் 192 பேர், தைரியமாகச் சொல்லலாம். அவர்கள் சாம்பல்மேல் எழுப்பிய மண்மேடு இன்றும் அங்கே இருக்கிறது. பாரசீகர் தரப்பில் 6,400 என்பதை ‘ஹெரோடோட்டஸ் கணக்குப்படி’ என்று சேர்த்துச் சொல்லட்டும்.

‘இத்தோடு பாரசீகப் படையெடுப்பு முடிந்தது’ என்றும் வேண்டாம். பத்து வருடத்தில், கி.மு. 480இல், பாரசீக மன்னர் செர்க்சீஸ் பெரும்படையோடு வந்தார்; அந்தப் படையெடுப்பை முறியடித்தவை சலாமிஸ் கடற்போரும் மறுவருடம் நடந்த பிளாட்டியா போரும்.

நடுவர் 42.195 கிலோமீட்டரைப் பற்றிக் கேட்டால், அது 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஓடிய தூரம் என்று சொன்னால் போதும். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் மாரத்தான் ஓட்டம் சுமார் 40 கிலோமீட்டர்தான்.