பயாஸ் அப்டேட் செய்ய பூட் ஆகும் ஃபிளாப்பி தயாரிப்பது எப்படி?

பென்டியம் 2 காலத்து மதர்போர்டு, அவார்டு நிறுவனத்தின் பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த புரோகிராம்), 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் அதைத் தேடும் இடத்திலேயே நின்றுவிடுகிறது, பென் டிரைவில் பூட் ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள். 1999 வாக்கில் வந்த பல போர்டுகளில் இருந்த கோளாறுதான் இது. அந்த பயாஸுக்கு 65,535 சிலிண்டருக்கு (டிஸ்க்கின் இடத்தைப் பிரித்து எண்ணும் அலகு) மேல் எண்ண வராது. கணக்குப் போட்டால் அது சுமார் 33.8 ஜிபி. டிஸ்க்கின் லேபிளில் 32 ஜிபிக்குச் சுருக்கும் ஜம்பர் (பின்களை இணைக்கும் சிறு கிளிப்) படம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், மீதி இடம் போனாலும் பரவாயில்லை என்றால், பயாஸைத் தொடவே வேண்டாம்.

அப்டேட்தான் வேண்டும் என்றால், விண்டோஸ் எக்ஸ்பி உள்ள கணினி ஒன்று போதும். மை கம்ப்யூட்டரில் ஏ டிரைவை ரைட் கிளிக் செய்து ஃபார்மட் கொடுங்கள். முதல் முறை குயிக் ஃபார்மட் வேண்டாம், முழுசாக ஓடட்டும். டிரைவ் ஒரே இடத்தில் கர்ர், கர்ர் என்று திரும்பத் திரும்பத் தடவினால் அந்த ஃபிளாப்பியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்புறம் இரண்டாம் முறை, எம்எஸ்-டாஸ் ஸ்டார்ட்அப் டிஸ்க் என்ற கட்டத்தை டிக் செய்து ஃபார்மட் செய்யுங்கள். அதில் விழும் கீபோர்டு, எழுத்துரு ஃபைல்கள் எதுவும் தேவையில்லை, அழித்துவிடலாம். பிளாஷ் செய்யும், அதாவது புது பயாஸைச் சிப்பில் எழுதும், புரோகிராமையும் பயாஸ் ஃபைலையும் அதில் போடுங்கள். ஃபைல் பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்கட்டும். பயாஸ் 256 கேபி என்றால், பழையதைச் சேமித்து வைக்கவும் 1.44 எம்பியில் தாராளமாக இடம் இருக்கும்.

விண்டோஸ் 98 ஸ்டார்ட்அப் டிஸ்க்கை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அது ஹைமெம் என்ற மெமரி மேனேஜர், சிடி டிரைவர், ராம் டிஸ்க் என்று எல்லாவற்றையும் ஏற்றிவிடும். பிளாஷ் செய்யும்போது மெமரி மேனேஜர் எதுவும் ஓடக் கூடாது.

இனி நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒரு டிரைவில் எழுதிய ஃபிளாப்பியை இன்னொரு டிரைவ் படிக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டின் ஹெட்டும் (படிக்கும் முனை) ஒரே கோட்டில் இருக்காது. அதனால் சோதனையை அந்தப் பழைய கணினியிலேயே செய்யுங்கள். ஃபிளாப்பியில் பூட் செய்து, காப்பி கட்டளையில் /b சேர்த்து, பயாஸ் ஃபைலை நல் (NUL) என்ற பெயருக்கு அனுப்புங்கள். ஃபைல் எங்கேயும் எழுதப்படாது, ஆனால் முழுக்கப் படிக்கப்படும். எரர் வராமல் முடிந்தால் சரி. பிளாஷ் புரோகிராம் ஃபைலின் செக்சம் (ஃபைல் சரியா என்று பார்க்க உதவும் எண்) காட்டினால், தரவிறக்கிய பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பழைய பயாஸைச் சேமிக்கவா என்று கேட்டால் கட்டாயம் ஆம்.

2004-ல் எனக்கு இதில் ஒரு அனுபவம். பிளாஷ் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது, யூபிஎஸ் இல்லை. திரும்ப ஆன் செய்தால் ஃபேன் ஓடுகிறது, திரை இருட்டு. சிறிது நேரத்தில் ஃபிளாப்பி விளக்கு மட்டும் எரிந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. அவார்டு பயாஸில் பூட் பிளாக் என்று ஒரு சிறு பகுதி தனியாக இருக்கிறது. மற்றதெல்லாம் அழிந்தாலும் அது ஃபிளாப்பியைத் தேடும். ஆனால் பழைய போர்டுகளில் அதற்கு ஐஎஸ்ஏ என்ற பழைய வகை டிஸ்ப்ளே கார்டு மட்டும்தான் தெரியும், அதற்குப் பின் வந்த ஏஜிபி கார்டில் எதுவும் வராது. வேறு கணினியில் ஒரு ஃபிளாப்பி தயாரித்து, கேள்வி கேட்காமல் பிளாஷ் செய்யும்படி பூட் ஆனதும் தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் கட்டளை எழுதி உள்ளே போட்டேன். விளக்கு எரிந்து அணைந்தது. அதற்குப் பிறகும் பத்து நிமிடம் கை வைக்காமல் காத்திருந்து, ஆஃப் செய்து ஆன் செய்தபோது படம் வந்தது. இப்படி ஒரு இரண்டாவது ஃபிளாப்பியை நீங்கள் முன்கூட்டியே தயாரித்து, எழுத முடியாதபடி அதன் மூலைத் துவாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பயாஸ் செட்டப்பில் டிஃபால்ட் அமைப்புகளை ஏற்றிச் சேமியுங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. கணினி ஆன் ஆனதும் பாஸ் (Pause) விசையை அழுத்தி நிறுத்தினால், திரையின் கீழ் வரியில் தேதியோடு ஒரு நீளமான எண் தெரியும். அதை இங்கே எழுதுங்கள். எந்தப் போர்டு, எந்த ஃபைல் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பிளாஷ் செய்ய வேண்டாம்.