ஆசிரியராக, மனைவியாக, தாயாக வாழ்ந்து மறைந்த ஒருவரை எப்படி நினைவுகூர்கிறீர்கள்?

பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே குடும்பத்தையும் தாங்கிய தாயைப் பற்றி, அவர் மறைந்தபின் என்ன எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மா தொடக்கப் பள்ளி ஆசிரியர். அவர் மறைந்தபோது எங்களுக்கு வந்த இரங்கல் செய்திகளில் அன்பு, பொறுமை, அர்ப்பணிப்பு என்ற மூன்று சொற்களும் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றில் ஒன்றும் மிகையில்லை. ஆனால் அவரை அறியாத ஒருவர் அச்செய்திகளைப் படித்தால், வேறு எந்த நல்லாசிரியரையும் அவரையும் பிரித்தறிய முடியாது. ஆகவே, அவர் நாள்தோறும் என்ன செய்தார், அதை எப்படிச் செய்தார் என்பதையே எழுதுங்கள் என்பேன். நானும் அப்படியே எழுத முயல்கிறேன்.

பிள்ளைகளின் சரியான விடைகளைவிடத் தவறான விடைகளையே அம்மா அதிகக் கவனத்துடன் படிப்பார். 52இலிருந்து 38ஐக் கழிக்கச் சொன்னால், 14 என்பதற்குப் பதிலாக 26 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவது எளிது. அம்மாவோ அந்த 26 எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார். இரண்டிலிருந்து எட்டைக் கழிக்க முடியாததால், அந்தப் பிள்ளை எட்டிலிருந்து இரண்டைக் கழித்து ஆறு என்றும், ஐந்திலிருந்து மூன்றைக் கழித்து இரண்டு என்றும் எழுதியிருக்கிறது. பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொடுத்த விதியை அது நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறது என்று எங்களுக்கு விளக்குவார். அந்தப் பிள்ளைக்கு இன்னும் இருபது கணக்குகள் கொடுத்தால் இருபதும் தவறாகத்தான் வரும் என்பது அவர் கருத்து. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் செய்தபிறகே, 'கடன் வாங்குதல்' என்ற சொல்லை மறுபடி எடுப்பார். 'பறவை'யைப் 'பரவை' என்று எழுதும் பிள்ளையிடமும் அப்படித்தான்: காது இரண்டு ஒலிகளையும் பிரித்துக் கேட்கிறதா, அல்லது கை மட்டும் தவறியதா என்று முதலில் சோதிப்பார், ஏனெனில் இரண்டுக்கும் மருந்து வேறு. இத்தகைய தவறுகளை எழுதிவைக்க அவரிடம் ஒரு தனி நோட்டு இருந்தது. அதில் எந்தப் பிள்ளையின் பெயரும் இருக்காது. தவறும், அதன் காரணமாக அவர் கருதியதும் மட்டுமே இருக்கும்.

அவரிடம் படித்தவர்கள் எங்களிடம் பேசும்போது பெரும்பாலும் வேறொன்றைச் சொல்கிறார்கள்: டீச்சர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார் என்கிறார்கள். கேட்பதற்குச் சிறிய செயலாகத் தோன்றும் இது உண்மையில் அரிதானது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970களில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள் என்பதும், அந்த இடைவெளி 3 நொடிகளைத் தாண்டியபோது பிள்ளைகள் நீண்ட விடைகள் கூறினார்கள், விடையே வராத நிலை குறைந்தது, பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்டவர்களும் பேச முன்வந்தார்கள் என்பதும் அவர் கண்டவை. அம்மா இப்பழக்கத்தை எந்த நூலிலிருந்தும் எடுத்துக்கொண்டதாகச் சொன்னதில்லை. முதலில் கை தூக்கும் பிள்ளைக்கு அந்த விடை ஏற்கெனவே தெரியும், அதனால் அந்தக் கேள்வி அதற்கானதன்று என்று மட்டும் சொல்வார்.

மனைவியாக அவர் வாழ்ந்த வாழ்வைப் பற்றி எழுதுவதற்குத்தான் எனக்கு மிகுந்த விருப்பம், ஏனெனில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் சொற்கள் உடனே வாய்க்கு வரவில்லை. அவருடைய சிந்தனை தெளிவாகவே இருந்தது. சொல் மட்டும் தாமதித்தது. பார்க்க வந்தவர்கள் அவர் தொடங்கிய வாக்கியத்தைத் தாங்களே முடித்துவைத்தார்கள். அன்பினால் செய்ததுதான் என்றாலும், அப்பா ஒவ்வொரு முறையும் பாதியில் பேச்சை நிறுத்திக்கொள்வார். அம்மா ஒருநாளும் அவருடைய வாக்கியத்தை முடித்ததில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி, கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சொல் வரும்வரை இருப்பார். வீட்டுச் செலவு, எங்கள் படிப்பு என எதையும் அப்பாவிடம் கேட்காமல் அவர் முடிவு செய்யவில்லை. அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆனாலும் அந்தப் பதிலுக்குப் பிறகே முடிவு. நலமாக இருந்த காலத்திலிருந்தே அம்மா திருத்திய விடைத்தாள்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்ப்பது அப்பாவின் வேலையாக இருந்தது. நோய்க்குப் பின்னும் அந்த வேலையை அம்மா அவரிடமிருந்து எடுக்கவில்லை. அப்பா பென்சிலால் கூட்டி முடித்துத் தலையசைத்தபிறகே பதிவேட்டில் ஏற்றுவார். அவர் கூட்டலில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டவும் தயங்கமாட்டார்; இரக்கத்துக்காகக் கொடுத்த வேலை அது இல்லை என்பதை அப்பா அதனால் அறிந்திருந்தார்.

தாயாக அவர் எங்களுக்கு வேண்டிய அளவு கிடைத்தாரா என்று கேட்டால், எல்லா நாளும் இல்லை என்பதே உண்மையான பதில். தேர்வுக் காலங்களில் மாலை முழுவதும் விடைத்தாள்களுக்குப் போய்விடும். பகலெல்லாம் பேசிய தொண்டை இரவில் கட்டிக்கொள்ளும். நின்றே கழித்த கால்களை நீட்டி உட்கார்ந்தால் எழ முடியாது. சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணின்மீது வீட்டு வேலையும் முழுதாக விழுவதை எங்களைச் சுற்றியிருந்த பெரியவர்கள் இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். அம்மா அதை இயல்பாக எடுத்துக்கொண்டதில்லை. களைப்பாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வார். மேற்படிப்பைப் பல ஆண்டுகள் ஒத்திவைக்க நேர்ந்ததில் தமக்கு வருத்தம் உண்டு என்றும் சொன்னார், பின்னர் அஞ்சல்வழியில் அதைப் படித்தும் முடித்தார். நினைவுக் குறிப்புகளில் இந்தப் பகுதியை நீக்கிவிடுவது வழக்கம். நீக்கக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். அவர் எதையும் இழக்காமலே இவ்வளவும் செய்தார் என்று எழுதுவது அவருக்குப் பெருமை சேர்க்காது.

நீங்கள் எழுதத் தொடங்கும்முன், உங்கள் தாயுடன் பணியாற்றியவர்களிடமும் அவரிடம் படித்தவர்களிடமும் பேசுங்கள். 'டீச்சர் எப்படி இருப்பார்?' என்று கேட்டால் பாராட்டு மட்டுமே கிடைக்கும். 'நீங்கள் தவறாக எழுதியபோது என்ன செய்தார்?', 'யாரை எங்கே உட்காரவைத்தார்?' என்று கேட்டால் நிகழ்ச்சிகள் கிடைக்கும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு மனிதரை அவர்கள் அறிந்திருப்பார்கள்.

அம்மாவின் தவறுகள் நோட்டை அக்காவும் நானும் இப்போது தட்டச்சு செய்து வருகிறோம். அவர் பயன்படுத்திய சுருக்கக் குறிகள் சில எங்களுக்குப் புரியவில்லை. உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் படித்துச் சொல்கிறார். கணக்குப் பகுதி முடிந்து, அதன் படியை அம்மாவிடம் படித்து ஆசிரியரான ஒருவர் தம் வகுப்புக்காக வாங்கிச் சென்றிருக்கிறார். எழுத்துப் பிழைகளின் பகுதி இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது.