ஸ்வால்பார்ட் பயணம்: ஒருமுறை நுழைவு விசா போதாது

இந்தியக் கடவுச்சீட்டு, ஒஸ்லோ வழியாக ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியன், கையில் ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) என்று எழுதியிருக்கிறீர்கள். விசாவை மாற்றுங்கள். நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் அது ஷெங்கனுக்கு வெளியே. நார்வே பெருநிலத்திலிருந்து கிளம்பியதுமே உங்கள் ஒரே நுழைவு தீர்ந்துவிடும், திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். இருமுறை நுழைவு கேளுங்கள்.

பழைய வேட்டைக் குடிலை ஒட்டிக் கூடாரம் போடும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். 1946-க்கு முந்தைய மனிதத் தடங்கள் எல்லாமே அங்கே பாதுகாக்கப்பட்டவை. சுற்றிலும் 100 மீட்டருக்குள் கூடாரமோ தீயோ கூடாது. துருப்பிடித்த ஆணியோ, திமிங்கிலத்தை அறுத்த இடத்து எலும்போ, எடுக்கவும் நகர்த்தவும் வேண்டாம். அந்த எலும்பை ஒட்டிப் பாசியும் வளரும்.

பனிக்கரடிக்கு 300 மீட்டர் இடைவெளி, மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500. இது 2025 முதல் விதி.