பெயர் தெரிந்த பிறகும் பார்க்க வைக்கும் படம்

அன்புள்ள ஐயா,

கொஞ்ச நாளாக மேக்ரோ லென்ஸ் வைத்து, துருப்பிடித்த இரும்புத் தகடுகளை மிக அருகில் போய்ப் படமெடுத்து வருகிறேன். பார்ப்பவர்கள் "இது என்ன?" என்று கேட்கிறார்கள். "துரு" என்றதும் "ஓ, அப்படியா" என்று நகர்ந்துவிடுகிறார்கள். சொல்லாமலே விட்டுவிடலாமா? அரூபப் புகைப்படம், அதாவது பொருளை விட்டு வடிவத்தையும் நிறத்தையும் காட்டும் படம், என்பதே விடுகதை போடுவதுதானா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

கேட்டால் சொல்லிவிடுங்கள். மறைத்தால் இன்னும் அரை நிமிடம் யோசிப்பார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் எடுத்த குடைமிளகாய்ப் படம் ஒன்று உண்டு. அது குடைமிளகாய் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். தலைப்பும் அதையேதான் சொல்கிறது. இருந்தாலும் கண் நகராது. மிளகாயை அவர் ஒரு தகரப் புனலின் வாய்க்குள் வைத்தார். தகரத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அதன் மேடு பள்ளங்களில் வழுக்கிக்கொண்டு போகிறது; பின்னால் ஒரே இருட்டு. மேசை கிடையாது, சமையலறை கிடையாது, நிறமும் கிடையாது. முறுக்கும் திரட்சியும் மட்டும் மிஞ்சுகின்றன. அந்த மிளகாய்க்கே உரியவை அவைதான்.

1940களில் ஆரன் சிஸ்கிண்ட் என்ற இன்னொரு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வேறு வழியில் போனார். உரிந்த பெயிண்டையும் சுவர்களையும் நேர் எதிரே நின்று எடுத்து, படத்திலிருந்து ஆழத்தையே எடுத்துவிட்டார். அவருக்கு அது கைகூடியது. அவரைப் பார்த்துச் சுவர்களை எடுக்கக் கிளம்பியவர்களில் பாதிப் பேர் எனக்கு அலுப்பூட்டுகிறார்கள்.

சரி, உங்கள் இரண்டாவது படம். இரும்பு துருவாக மாறும்போது பருமன் கூடுகிறது. அந்த உப்பல்தான் பெயிண்டை அடியிலிருந்து தூக்கிப் பிளக்கிறது. உங்கள் படத்தின் இடது ஓரத்தில் பெயிண்ட் சுருண்டு எழும்பியிருக்கிறது. அதற்குக் கீழே செதில் செதிலாகத் துரு. எனக்கு அந்த ஓரம் போதும். ஆனால் வெளிச்சம் நேராக விழுவதால் அந்தத் தள்ளல் தெரியவில்லை, ஆரஞ்சுத் திட்டுகள்தான் தெரிகின்றன. அதனால்தான் பார்ப்பவர்களுக்குப் பெயரைத் தவிர வேறெதுவும் கிடைப்பதில்லை. ஒரு டார்ச்சைத் தகட்டை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுருளும் நிழல் போடும். அவ்வளவு அருகில் கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறைவு. லென்ஸ் துவாரத்தைச் சுருக்க வேண்டியிருக்கும்; ஒளி குறைவதால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், அப்புறம் ட்ரைபாட் இல்லாமல் முடியாது.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் அரூபம் தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. துருவுக்கு நிறம் பாதி உயிர். அவசரப்படாதீர்கள்.

மூன்றாவது படத்தை விட்டுவிடலாம். அதில் மங்கலைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.