சிப்புக்குள் பிளாக்குக்கு (தனி வேலை செய்யும் பகுதிக்கு) ஒரு மின்னழுத்தம் என்று பிரித்துக் கொடுத்தால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

டைனமிக் மின்செலவு, அதாவது சிக்னல்கள் மாறும்போது ஆகும் செலவு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு மாறும். 1.0 வோல்ட் பிளாக்கை அதே கடிகார வேகத்தில் 0.8 வோல்ட்டுக்கு இறக்கினால் செலவு 0.64 மடங்கு, அதாவது 36% மிச்சம். ஆனால் அந்த 0.8-ஐ 1.0 வோல்ட் தடத்திலிருந்து (சப்ளை லைனிலிருந்து) எல்டிஓ வழியாக, அதாவது மிச்ச வோல்ட்டை வெப்பமாக்கி இறக்கும் ரெகுலேட்டர் வழியாக எடுத்தால் வித்தியாசம் எல்டிஓவிலேயே சூடாகிவிடும். கைக்கு வருவது 20% தான். பலரும் கோட்டைவிடும் இடம் இது. அதிக இழப்பில்லாமல் ஸ்விட்ச் செய்து வோல்ட்டை இறக்கும் பக் கன்வெர்ட்டர் இருந்தால்தான் கணக்கு கட்டுபடியாகும்.

டைமிங் ஸ்லாக் (கடிகாரத்துக்குள் மிஞ்சும் நேரம்) இருக்கிறதே என்று யுஏஆர்டியை (மெதுவான சீரியல் தொடர்பு பிளாக்கை) இறக்குவதில் பயனில்லை, அது தின்பதே சொற்பம். நிறையத் தின்னும், ஆனால் அவசரமில்லாத பிளாக்கைத் தேடுங்கள். வீடியோ டிகோடர் நல்ல உதாரணம். அதற்குள் இருக்கும் எஸ்ரேம் (நினைவகம்) மட்டும் பெரும்பாலும் 0.8-க்கு இறங்காது, அதற்குத் தனித் தடம் வேண்டும்.

0.8-லிருந்து 1.0-க்குப் போகும் ஒவ்வொரு சிக்னலுக்கும் லெவல் ஷிஃப்டர் (சிக்னலின் வோல்ட்டை மாற்றும் செல்) கட்டாயம். இல்லாவிட்டால் வாங்கும் கேட்டின் பிமாஸ் (சப்ளைப் பக்க டிரான்சிஸ்டர்) முழுதாக அணையாது. சிக்னல் '1'-ல் நிற்கும்வரை மின்னோட்டம் ஒழுகும். ஷிஃப்டரை 1.0 பகுதிக்குள் வைப்பதே வசதி, வெளியீட்டுக்கு அந்த சப்ளைதான் வேண்டும். எதிர்த் திசையில் சாதாரண பஃபரே வேலை செய்யும். டைமிங்கை மட்டும் சரிபாருங்கள். பிளாக்கை முழுதாக அணைப்பதானால் அதன் வெளியீட்டை ஒரு நிலையான மதிப்பில் பிடித்து வைக்கும் ஐசோலேஷன் செல்லும் தேவை. இவையெல்லாவற்றையும் யுபிஎஃப் கோப்பில் (சிப்பின் மின்சப்ளைத் திட்டத்தை விவரிக்கும் கோப்பில்) ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியில் கழுத்தைப் பிடிப்பது கடிகாரம். இரு தடங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும்போது ஸ்கியூ (இரு இடங்களுக்குக் கடிகாரம் வந்துசேரும் நேர வித்தியாசம்) மாறி ஹோல்டு மீறல், அதாவது டேட்டா தேவைக்கு முன்பே மாறிவிடும் பிழை வரும். இரு தடங்களின் உச்ச, அடி வோல்ட் சேர்க்கைகள் நான்கிலும் டைமிங் சோதனை ஓட்டுங்கள்.