சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் ஒரு நாற்காலி

வாசகர் கேள்விகளும் பதில்களும்

"வீட்டுக்குள்ளேயே முடங்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் சங்கத்தில் சேருங்கள்" என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல, "சேரத்தான் போனோம், உங்களுக்கு என்ன குறை என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்கின்றன. படித்து மனசு கனத்துப்போனது. பஸ் பாஸ், உதவித்தொகைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கத்தை முதல் தடவையாகப் படிப்பவர்களுக்கு: கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்து, இரண்டு காலிலும் கேலிப்பர் என்னும் தாங்கு கருவி போட்டு நடப்பவள் நான். திருச்சியில் ஒரு மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் நெடுநாளாகப் பொறுப்பில் இருக்கிறேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவு, மிகைத்துடிப்பு) என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் குழு ஒன்றுக்குப் போனேன். "உங்க பொண்ணுதான் நல்லா பேசுதே, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார் ஒரு அம்மா. சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில் "இது லிஸ்ட்லயே இல்லம்மா" என்றார்கள். நாங்கள் எங்கேதான் போவது?
– ஒரு தாய், கோவை

லிஸ்ட்டில் இல்லை என்பது உண்மைதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.ஹெச்.டி. இல்லை. ஆனால் ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைகள் பலருக்கு டிஸ்லெக்சியா மாதிரியான கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். வாசிப்பதில், எழுதுவதில், கணக்கில் மகள் திணறுகிறாளா என்று முறையாகச் சோதித்துவிடுங்கள். இருந்தால் அந்த வழியில் சான்றிதழுக்கும் பொதுத்தேர்வுச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு தொடங்கும் முன்பே செய்யுங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

அந்த அம்மா, பத்து வயதாகியும் தன்னை ஒரு தடவைகூட "அம்மா" என்று கூப்பிடாத பிள்ளையை வளர்ப்பவராக இருக்கலாம். அவருடைய வேதனையோடு போட்டி போட வேண்டாம். அதற்காக உங்கள் வேதனையை விழுங்கிக்கொண்டு எழுந்து வரவும் வேண்டாம். பெண் பிள்ளைகளின் ஏ.டி.ஹெச்.டி. பல நேரம் ஓட்டமும் ஆட்டமுமாக இருப்பதில்லை. வகுப்பில் சத்தமில்லாமல் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் யார் கண்ணிலும் படாமல் ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிடுகிறது. அதற்குள் "சோம்பேறி", "கவனமே இல்லை" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள், பாவம் அந்தக் குழந்தையிடம்!

அடுத்த கூட்டத்தில், உங்கள் மகளுக்கும் சிரமம் உண்டு என்று வாதாடாதீர்கள். ஏதாவது ஒரு காரியத்தைக் கேளுங்கள்: "காலையில் பள்ளிக்குக் கிளம்ப வைக்க நீங்கள் சுவரில் படம் போட்டு அட்டவணை ஒட்டுவீர்களாமே, எப்படிச் செய்வது?" இதில் அந்த அம்மாக்களுக்கு இருக்கும் அனுபவம் பல டாக்டர்களுக்கும் இருக்காது. கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படித்தான் ஒருவருக்கொருவர் பழக்கமாகும்.

நான் ஒன்றிய அளவில் சங்க நிர்வாகி, பார்வையற்றவன். இப்போது பதற்றம், மறதி, மூட்டுவலி என்று எல்லாரும் தங்களை மாற்றுத்திறனாளி என்கிறார்கள். ரோட்டில் உட்கார்ந்து போராடி வாங்கியதை இவர்களோடு பங்கு போட வேண்டுமா? இருப்பதே நாலு சதவீதம்.
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

ஐயா, நீங்கள் வெயிலில் உட்கார்ந்தது பொய்யில்லை. அந்த உழைப்பை மதித்தே எழுதுகிறேன்.

முதலில், அரசு வேலையில் நமக்கு உள்ள அந்த நாலு சதவீத இடஒதுக்கீடு. அது ஒரே மொத்தமாக இல்லை. பார்வைக் குறைபாட்டுக்கு 1, செவித்திறனுக்கு 1, பெருமூளை வாதம், தசைச்சிதைவு உட்பட உடல் இயக்கக் குறைபாட்டுக்கு 1 என்று பிரித்துவிட்டு, மீதி 1 சதவீதத்தில்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றையும் அடைத்திருக்கிறார்கள். உங்கள் 1 சதவீதத்துக்குள் இவர்கள் வரவே முடியாது. அதற்கும் 40 சதவீதக் குறைபாட்டுக்கான சான்றிதழ் வேண்டும். ஏமாற்றிச் சலுகை பெற்றால் இரண்டு வருடம் வரை சிறை என்று சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது. சங்கத்து உறுப்பினர் அட்டையைக் காட்டி யாரும் அரசு வேலைக்குப் போக முடியாது. ஆக, இவர்களைச் சேர்த்தால் நீங்கள் இழப்பது ஒரு நாற்காலியும் ஒரு டீயும்.

இன்னொன்று. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழே வகைகள்தான் இருந்தன. தசைச்சிதைவு, ஹீமோஃபிலியா, தலசீமியா, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் என்று பட்டியல் நீண்டது 2016இல். இடைப்பட்ட இருபது வருடமும் அவர்களிடமும் "லிஸ்ட்டில் இல்லை" என்றுதான் சொன்னார்கள். அவர்கள் குறை 2016இல் திடீரென்று முளைத்ததா?

விகாஷ் குமார் வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு அவருக்கு. யு.பி.எஸ்.சி. தேர்வில் சொல்வதை எழுத ஆள் கேட்டார், 40 சதவீதக் குறைபாட்டு வரம்புக்குள் வரவில்லை என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சந்திரசூட் அமர்வு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு மாதிரியான சலுகைகளுக்கான அளவுகோல். தேவைக்கேற்ற வசதியைக் கேட்கும் உரிமை அந்த அளவுகோலோடு நிற்பதில்லை. அந்த வரம்புக்கு வெளியே நின்ற ஒருவர் தொடுத்த வழக்குதான். ஆனால் நியாயமான வசதி செய்துதருவது கருணை இல்லை, கடமை என்று வாதாட இன்று நாம் எல்லாரும் எடுத்துக்காட்டும் தீர்ப்பாக அது இருக்கிறது.

இனி, எனக்கு ரொம்பவும் நெஞ்சில் இருக்கும் விஷயம். இந்த நாட்டில் இயற்கையான போலியோ கிருமி கடைசியாகத் தாக்கிய குழந்தை 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014இல் போலியோ இல்லை என்ற சான்றும் கிடைத்துவிட்டது. அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறில்லை. ஆனால் எங்கள் சங்கத்தில் மைக் பிடிப்பவர், மனு எழுதுபவர், கணக்குப் பார்ப்பவர் எல்லாம் பெரும்பாலும் போலியோக்காரர்கள். எங்களுக்குப் பிறகு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் யார் வரிசையில் நிற்பது? இன்று வாசலில் நின்று "நானும் வரலாமா" என்று கேட்கும் இந்தப் பிள்ளைகள்தானே?

ஐம்பதைத் தாண்டிய எங்களுக்குப் போலியோவுக்குப் பிந்தைய தளர்ச்சி என்று ஒன்று வருகிறது. நன்றாக இருந்த தசையும் சோர்ந்துபோகும். என் கேலிப்பர் எல்லார் கண்ணுக்கும் தெரியும். மதியத்துக்கு மேல் கையைக்கூடத் தூக்க முடியாத அயர்ச்சி ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. நீங்கள் "மூட்டுவலி" என்று எழுதியவர் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ளவராக இருந்தால், அவர் கேட்பதும் நான் கேட்பதும் ஒன்றுதான்: மாடியில் கூட்டம் போடாதீர்கள், நடுவில் கொஞ்சம் படுத்து எழ இடம் கொடுங்கள்.

எனக்கு ஸ்கிசோஃப்ரினியா. மாத்திரையில் நன்றாக இருக்கிறேன். சங்கக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. போவதை நிறுத்திவிடட்டுமா அக்கா?
– பெயர் வேண்டாம், விருதுநகர்

நிறுத்தாதே தம்பி. மனநோய் 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. என் போலியோ எப்போதிருந்து பட்டியலில் இருக்கிறதோ, அப்போதிருந்து உன்னுடையதும் இருக்கிறது. யாரும் உனக்கு இடம் விட்டுத்தர வேண்டியதில்லை, அது உன் இடம்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். உன் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. "அவர்கள் வேறு, நாம் வேறு" என்று ஒரு மாற்றுத்திறனாளி நினைப்பதைக் கேட்டால் எனக்கு ஏர்வாடிதான் ஞாபகம் வருகிறது.

உன் சங்கச் செயலாளரிடம் இந்தப் பக்கத்தைக் கொடு. இரவு மாத்திரையால் காலையில் எழுவது சிரமம் என்றால், கூட்டத்தைப் பதினொரு மணிக்கு வைக்கச் சொல்லிக் கேள். உன் பேச்சைக் கேட்கும் ஒருவரை முதலில் பிடித்துக்கொள். மற்றவர்கள் மெதுவாக வரட்டும்.

ஒரு கண்ணில் மட்டும் பார்வை. 30 சதவீதம் என்றார்கள். சான்றிதழ் வாங்கி என்ன பயன்?
– வாசகர், கரூர்

இடஒதுக்கீடு கிடைக்காது. ஆனாலும் விண்ணப்பியுங்கள். 40க்குக் கீழே உள்ளவர்களுக்கு வெள்ளை நிறத்தில் யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உண்டு. அலுவலகத்தில் இடம் மாற்றிக் கேட்கவோ, வேலை முறையில் வசதி கேட்கவோ கையில் ஒரு ஆதாரம் இருக்கும்.

வயது 27. வலிப்பு உண்டு, எப்போதாவதுதான் வரும். நியூரோடைவர்சிட்டி (மூளை இயங்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற கருத்து) குழுவில் "இது வியாதி, மூளை வித்தியாசம் இல்லை" என்றார்கள். சங்கத்திலோ "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க" என்கிறார்கள். வீட்டிலோ "யாரிடமும் சொல்லாதே, கல்யாணம் நடக்காது" என்கிறார்கள்.
– வாசகி, நாமக்கல்

அந்தக் குழுவினர் கொஞ்சம் வரலாறு படிக்கட்டும். மூளை வேறு விதமாக இயங்குபவர்களைக் குறிக்கும் நியூரோடைவர்ஜென்ட் என்ற சொல்லை 2000ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கியவர் கேசியேன் அசசுமாசு என்ற அமெரிக்கச் செயல்பாட்டாளர். அவருக்கு ஆட்டிசம் மட்டுமல்ல, வலிப்பும் உண்டு. பெருமூளை வாதம், பார்க்கின்சன்ஸ் உள்ளவர்களும் அதற்குள் வருவார்கள் என்றுதான் அவர் சொன்னார். ஆட்டிசம் உள்ளவர்கள் கணிசமானோருக்கு வலிப்பும் சேர்ந்திருப்பது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். உங்களை வெளியே அனுப்புகிறவர்கள் தங்கள் ஆட்கள் பலரையும் சேர்த்தே வெளியே அனுப்புகிறார்கள்.

சங்கத்துக்காரர்களுக்கு நான் சொல்கிறேன். தூக்கம் கெட்டால் பலருக்கு வலிப்பு வரும். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து சென்னைக்குப் போய், விடிந்ததும் சேப்பாக்கத்தில் உண்ணாவிரதம் என்று திட்டம் போட்டால் இந்தப் பெண் எப்படி வருவாள்? முந்தின நாள் பகலிலேயே கிளம்பி ராத்தங்க ஏற்பாடு செய்யுங்கள், அல்லது உள்ளூரில் மனு கொடுக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள். கூட்டத்தில் வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள். இந்த நாலு வரி ஒவ்வொரு சங்கத்தின் சுவரிலும் இருக்க வேண்டும்.

கல்யாண விஷயம்: வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த வரியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999இல் எடுத்துவிட்டார்கள் கண்ணு. மறைக்காதே. பயந்து பயந்து மாத்திரையை ஒளித்துவைத்து, ஒரு வேளை தவறினால் ஆபத்து உனக்குத்தான். சொன்ன பிறகும் சம்மதிக்கிறவன் வரட்டும். பிள்ளை பெறும் எண்ணம் வந்தால் அதற்கு முன்பே டாக்டரிடம் மாத்திரை பற்றிப் பேசிவிடு, சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும்.

எனக்குத் திக்கும். சங்கக் கூட்டத்திலேயே மைக்கைச் சீக்கிரம் வாங்கிவிடுகிறார்கள்.
– மாணவர், தஞ்சாவூர்

மைக் வாங்குகிறவரிடம் நேராகச் சொல்: "எனக்கு முடிக்க நேரம் ஆகும், வார்த்தையை எடுத்துக்கொடுக்காதீர்கள்." சட்டத்தில் பேச்சுக் குறைபாட்டை உடலுறுப்பு அல்லது நரம்புக் காரணத்தோடு கட்டியிருப்பதால் திக்குவாய்க்குச் சான்றிதழ் கிடைப்பது கஷ்டம். காத்திருந்து கேட்பதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

என் தம்பிக்கு 31 வயது, அறிவுசார் குறைபாடு. சென்னையில் நியூரோடைவர்சிட்டி சந்திப்பு ஒன்றுக்கு அழைத்துப் போனேன். வந்தவர்கள் எல்லாம் ஐ.டி. வேலைக்காரர்கள், பேச்சு முழுக்க ஆங்கிலம். "நாங்கள் வித்தியாசமானவர்கள், ஆனால் புத்திசாலிகள்" என்றார் ஒருவர். என் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இது அவனுக்கான இடமா?
– அக்கா, தாம்பரம்

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். முப்பது வயதுக்கு மேல் ஆட்டிசம் என்று தெரியவந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வெளியே இயல்பாக இருப்பதுபோல் நடித்தே களைத்துப்போனவர்கள் அவர்கள். அவர்களுக்கும் ஒரு இடம் வேண்டும். ஆனால் "புத்தி இருக்கிறது, அதனால் மதியுங்கள்" என்று ஒருவர் சொல்லும்போது, புத்தி குறைவு என்று எழுதிவைக்கப்பட்டவனின் மரியாதை என்ன ஆகிறது? அந்த வாதத்தை அவர்கள் கைவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களால் கூட்டம் நடத்த முடியாது என்பதும் தவறு. 1974இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அவர்களே கூடி, 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்று தங்களுக்கு ஒரு இயக்கம் தொடங்கினார்கள். அது பல நாடுகளுக்குப் பரவியது. இங்கே நாம் பெற்றோரையும் டீச்சரையும் மேடையில் ஏற்றுகிறோம். பிள்ளைகள் வரவேற்பு நடனம் ஆடிவிட்டுக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025இல் சட்டம் வந்திருக்கிறது. உங்கள் தம்பி மாதிரி ஒருவர் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை.

இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். அந்தச் சந்திப்பை நடத்துபவருக்கு எழுதுங்கள்: அடுத்த முறை என்ன பேசப்போகிறார்கள் என்பதை இரண்டு நாள் முன்பே எளிய தமிழில், சின்ன வாக்கியங்களில், முடிந்தால் படத்தோடு அனுப்பட்டும். பேச்சு தமிழிலும் நடக்கட்டும். அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, இதுவரை பேசியதை ஒருவர் சுருக்கிச் சொல்லட்டும். தம்பியிடம் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை உங்கள் முகத்தைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்க்கட்டும். நீங்களும் அவனுக்காகப் பதில் சொல்லாதீர்கள். அவன் பஸ்ஸில் தனியாகப் போவானா, கடையில் மீதிச் சில்லறை சரியாகக் கிடைக்கிறதா, சம்பளம் யார் கைக்குப் போகிறது, யாரையாவது பிடித்திருக்கிறதா: பேச அவனிடம் நிறைய இருக்கும். போக விருப்பமா என்பதையும் அவனிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். எனக்கு எழுதுங்கள், உங்கள் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன்.